பேர் வைப்பதற்கு முன் ஊரைக் காலி செய்க

ஸ்ரீவில்லிபுத்தூர் தல வரலாற்றில் வில்லி, கண்டன் என்று இரண்டு சகோதரர்கள் வருகிறார்கள். மல்லி என்ற அரசியின் பிள்ளைகள், வேடர் குலம். வேட்டைக்குப் போன இடத்தில் கண்டனைப் புலி அடித்துத் தின்றுவிட்டது. அவனைத் தேடித் தேடிக் களைத்து மரத்தடியில் படுத்த வில்லியின் கனவில் பெருமாள் வந்து, காட்டைத் திருத்து, கோயில் கட்டு, ஊர் உண்டாக்கு என்றாராம். உண்டாக்கினான். ஊர் அவன் பேரைச் சுமந்துகொண்டது. பின்னால் வந்தவர்கள் முன்னால் ஒரு ‘ஸ்ரீ’யும் போட்டுக் கொடுத்தார்கள். புலி வயிற்றுக்குள் போன கண்டனுக்கு அந்த நீளமான பேரில் ஓர் எழுத்துகூட ஒதுக்கப்படவில்லை.

ஊருக்குப் பேர் வைப்பதில் அன்று ஏற்பட்ட விதி இன்றுவரை மாறவில்லை. தின்னப்பட்டவன் பேர் பலகையில் ஏறாது. புராணத்தில் தின்றது புலி. அதற்குப் பின்னால் வந்தவை கெஜட் அறிவிப்போடு வந்தன. பசியும் கூடுதல்.

விருதுநகர் மாவட்டத்துக்காரனுக்கு ஊர்ப் பேர், தெருப் பேர், பஸ் பேர் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டாம். விருதுபட்டி என்றால் பட்டிக்காடாகத் தெரிகிறது என்று 1923-ல் விருதுநகராக்கிக் கொண்டவர்கள் நாங்கள். 1985-ல் ராமநாதபுரத்தை மூன்றாகப் பிரித்தபோது எங்கள் துண்டுக்குக் காமராஜர் மாவட்டம் என்று பேர் கிடைத்தது. பன்னிரண்டு வருஷம் அந்தப் பேரைக் கடிதத் தலைப்பில் அச்சடித்தோம். 1997-ல் விருதுநகரைத் தலைமையிடமாக வைத்துப் புதிதாக ஒரு போக்குவரத்துக் கழகம் தொடங்குவதாகவும், அதற்கு வீரன் சுந்தரலிங்கம் பேர் என்றும், மே 1 முதல் ஓடும் என்றும் அரசு அறிவித்தது. கட்டபொம்மன் படையில் நின்று வெள்ளைக்காரனோடு மோதிச் செத்த வீரன். ஆனால் பிறந்தது ஒடுக்கப்பட்ட சமூகத்தில். அவ்வளவுதான் குற்றம்.

அந்தப் பேர் எழுதிய பஸ்ஸில் நாங்கள் ஏறுவதா என்று ஆதிக்க சாதியார் கேட்டார்கள். டிக்கெட் விலை பற்றி ஒருவரும் கேட்கவில்லை, பஸ் நேரத்துக்கு வருமா என்றும் கேட்கவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம், சிவகாசி வட்டாரம் பற்றி எரிந்தது. பஸ்கள் எரிந்தன, குடிசைகள் எரிந்தன, உயிர்கள் போயின. ஒரு பேரைத் தகரத்தில் எழுத விடாமல் தடுப்பதற்காக மனிதனை வெட்டிய ஊர் இது. இதை ஆண்டாள் பாசுரத்தைக் கொண்டும் பால்கோவாவைக் கொண்டும் மூடிவிட முடியாது.

அரசு என்ன செய்தது? வெட்டியவனிடம் தோற்றது. தோற்றதை நியாயம் போலக் காட்ட எல்லாப் பேரையும் எடுத்தது. சுந்தரலிங்கம் வேண்டாம் என்றால் கட்டபொம்மனும் வேண்டாம், பாண்டியனும் வேண்டாம், நேசமணியும் வேண்டாம், ராணி மங்கம்மாளும் வேண்டாம். மாவட்டங்களில் சிதம்பரனார் போனார், பசும்பொன் போனது, காமராஜரும் போனார். சமத்துவம் இப்படியும் வரும் என்று அன்றுதான் தெரிந்தது. ஒருவனுக்கு இடம் கொடுக்க மனமில்லாததால் அத்தனை பேரையும் எழுப்பிவிட்டு வீட்டைப் பூட்டியாயிற்று.

இந்தக் கதையை இங்கே சொல்லக் காரணம் உண்டு. பேருக்காக இத்தனை ரத்தம் பார்த்த நாங்கள் காலுக்குக் கீழே இருக்கிற மண் போனால் என்ன செய்வோம்? பெரிதாக ஒன்றும் செய்வதில்லை. இது அரசுக்கும் தெரியும், கம்பெனிக்கும் தெரியும். அதனால்தான் தோண்டுகிற இடத்திலெல்லாம் முதலில் பேர்ப்பலகை நடுகிறார்கள்.

சுரங்க ஊருக்கும் ஆலை ஊருக்கும் பேர் வைப்பதில் தனியார் முதலாளிக்குக் குழப்பமே கிடையாது. தன் பேரை வைத்துக்கொள்வார். சாக்சி என்ற ஊர் 1919-ல் ஜாம்ஷெட்பூர் ஆனது, காளிமாட்டி ரயில் நிலையம் டாடாநகர் ஆனது. சாக்சி இப்போது அந்த நகரத்துக்குள் ஒரு கடைவீதி. நம் மாவட்டத்திலும் சுண்ணாம்புக்கல்லை நம்பி ஒரு சிமெண்ட் ஆலை எழுந்தது. ராஜபாளையத்து முதலாளி பேரில் ஊர் ராமசாமி ராஜா நகர் ஆயிற்று, ரயில்வேக்கு மட்டும் அது இன்னும் துலுக்கபட்டிதான். பாளையம் அமைத்தால் ராஜா பேரை வைப்பது எங்கள் பக்கத்து வழக்கம், ராஜபாளையத்துக்கே அப்படித்தான் பேர் வந்தது. இதில் ஒளிவு மறைவு இல்லை. இது என்னுடையது என்று முதலாளி எழுதி ஒட்டிவிடுகிறார். திருடன் என்றோ தர்மவான் என்றோ நாம் அவரவர் கூலியைப் பொறுத்துச் சொல்லிக்கொள்ளலாம்.

அரசாங்கம் ஊர் வைக்கும்போதுதான் நாடகம் சூடு பிடிக்கிறது.

கடலூர் பக்கம் நெய்வேலியில் (அன்று தென்னாற்காடு) 1934-ல் ஜம்புலிங்க முதலியார் என்ற நிலக்கிழார் தன் நிலத்தில் தண்ணீருக்குத் துளை போட்டார். தண்ணீர் தானாகவே பொங்கி வந்தது, கூடவே கறுப்புத் துகளும் வந்தது. நம் ஆளாக இருந்தால் குறி கேட்கப் போயிருப்போம். அவர் அதை எடுத்துக்கொண்டு அரசாங்க வாசல்களில் ஏறி இறங்கினார். பழுப்பு நிலக்கரி என்று உறுதியானது. பிறகு ஆய்வு, துளை, அறிக்கை, மறுபடி ஆய்வு. அந்த ஆய்வுக் காலத்தின் ஒரு பகுதியில், 1949 முதல் 1952 வரை, சென்னை மாகாணத்தின் முதலமைச்சர் ராஜபாளையம் பி. எஸ். குமாரசாமி ராஜா. 1952 தேர்தலில் அவரை ஸ்ரீவில்லிபுத்தூரிலேயே நாங்கள் தோற்கடித்தோம், அது வேறு கதை. 1954-ல் வந்த முதலமைச்சர் விருதுநகர்க்காரர் காமராஜர். ஆக நெய்வேலியின் தொட்டிலை ஆட்டிய கைகளில் இரண்டு எங்கள் பக்கத்துக் கைகள். பெருமையாகச் சொல்லிக்கொள்வோம். பெருமையில் பங்கு கேட்கிறவன் பழியிலும் பங்கு எடுக்க வேண்டும் என்று யாராவது கேட்டால், அப்போது மட்டும் விருதுநகரிலிருந்து நெய்வேலி ரொம்ப தூரம்.

1956 நவம்பர் 14, நேரு பிறந்த நாளில், நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் பதிவானது. 1957 மே 20-ல் நேருவே வந்து மண் வெட்டும் வேலையைத் தொடங்கி வைத்தார். ஜெர்மன் எந்திரம் வந்தது, ரஷ்ய மின் நிலையம் வந்தது. 1961-ல் கரி கண்ணில் பட்டது, 1962-ல் மின்சாரம் பிறந்தது. இதில் எதையும் நான் குறைத்துப் பேச மாட்டேன். கரியே கிடையாது என்று நினைத்திருந்த தமிழ்நாட்டுக்கு அது பெரிய விஷயம். விளக்கில்லாத வீட்டில் விளக்கு எரிந்தது. எரிந்தது யார் வீட்டுக் கூரை என்பதுதான் கேள்வி.

நிலக்கரி எடுக்க மேல் மண்ணை அள்ள வேண்டும். மேல் மண் என்பது எஞ்சினியர் பாஷை. அந்த மண்ணின் மேல் கிராமங்கள் இருந்தன, முந்திரித் தோப்பு இருந்தது, குளம் இருந்தது, சுடுகாடு இருந்தது, அய்யனார் இருந்தார். அவற்றையெல்லாம் ஒரே சொல்லில் அடக்க முடிந்ததால்தான் எஞ்சினியருக்கு இரவில் தூக்கம் வருகிறது. கிராமங்கள் வரிசையாகக் காலியாயின. காலியான இடத்தில் புது நகரம். அகலச் சாலை, வரிசை மரம், ஒரே மாதிரி வீடு, ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம். எல்லாம் அழகு. தெருக்களுக்குப் பேர் வைக்கும் நாள் வந்தது.

பிளாக் 1. பிளாக் 2. பிளாக் 3. அப்படியே முப்பதை எட்டும் வரை எண்ணிக்கொண்டு போனார்கள்.

சுரங்கங்களுக்குப் பேர்: சுரங்கம் 1, சுரங்கம் 2. இடையில் ஒன்றைத் தோண்ட வேண்டி வந்தது. அதற்கு 1ஏ என்று வைத்தார்கள், டவுன் பஸ் நம்பர் மாதிரி. நடராசர் கோயில் எங்கே என்றால் பிளாக் 16 என்பார்கள். தில்லையில் அம்பலம் கண்டவருக்கு நெய்வேலியில் குவார்ட்டர்ஸ் நம்பர். முருகன் கொஞ்சம் கெட்டிக்காரர். வேலுடையான்பட்டு என்ற பழைய பேரோடு டவுன்ஷிப்புக்குள் உட்கார்ந்திருக்கிறார், பங்குனி உத்திரத்துக்கு லட்சக்கணக்கில் கூட்டம் கூட்டுகிறார். கடவுளாக இருந்தால் பேரைக் காப்பாற்றிக்கொள்ளலாம். பட்டாதாரருக்கு அந்தச் சலுகை கிடையாது.

தின்னப்பட்ட கிராமங்களின் பேரையாவது இந்த பிளாக்குகளுக்கு வைத்திருக்கலாம். ஒரு பைசா செலவில்லை. பிளாக் 7 என்று எழுதுகிற அதே பெயிண்ட், அதே பெயிண்டர், அதே தகரம். கிழவி ஒருத்தி தன் ஊர்ப் பேரைச் சொல்லிவிட்டு, இப்ப அது பிளாக்குல இருக்கு என்று பேரனிடம் கைகாட்டியிருப்பாள். அதைக்கூடத் தர மனம் வரவில்லை. பேர் இருந்தால் கேள்வி வரும். இந்த ஊர்க்காரர்கள் இப்போது எங்கே என்று யாராவது கேட்டுவிடுவார்கள். 7 என்ற எண்ணைப் பார்த்து யாரும் அப்படிக் கேட்பதில்லை.

நெய்வேலிக்கு எந்திரம் கொடுத்த ஜெர்மனியிலும் இதே பழுப்பு நிலக்கரி, இதே அகோரப் பசி. இம்மராத் என்ற ஊரின் தேவாலயத்தை 2018 ஜனவரியில் இடித்தார்கள். லுட்செராத் என்ற குக்கிராமத்தை 2023 ஜனவரியில், சேற்றில் நின்று போராடிய இளைஞர்களைத் தூக்கி எறிந்துவிட்டுத் தரைமட்டமாக்கினார்கள். அவர்களும் உத்தமர்கள் இல்லை. ஆனால் பெயர்த்த ஊரை வேறு இடத்தில் கட்டும்போது பழைய பேரையே வைத்து, அடைப்புக்குறிக்குள் ‘புதியது’ என்று போடுகிறார்கள். இம்மராத் (புதியது). கல்லறைகளையும் தோண்டி எடுத்துக் கூடவே கொண்டுபோகிறார்கள். அங்கே செத்தவனுக்குக் கிடைக்கிற மறுகுடியேற்றம் இங்கே உயிரோடு இருப்பவனுக்கு மந்தாரக்குப்பம் பக்கம் சில சென்ட் மனையாகக் கிடைக்கும். அதுவும் ஃபைல் நகர்ந்தால்.

ஜம்புலிங்க முதலியாராவது மிஞ்சினாரா? அறுநூறு ஏக்கருக்கு மேல் கொடுத்தவர் என்று சொல்வார்கள். ஊருக்கு அவர் பேர் இல்லை. நிறுவனத்துக்கும் இல்லை. சரி, தனி மனிதன் பேர் வேண்டாம், ஊர் பேராவது நிறுவனத்தில் இருக்கிறதே என்று அறுபது வருஷம் மனதைத் தேற்றிக்கொண்டிருந்தோம். 2016-ல் அதுவும் போனது. நெய்வேலி லிக்னைட் கார்ப்பரேஷன் என்ற பேரை என்எல்சி இந்தியா என்று மாற்றினார்கள். ராஜஸ்தானில் சுரங்கம், ஒடிசாவில் சுரங்கம், தூத்துக்குடியில் மின் நிலையம் என்று பரந்துவிட்ட நிறுவனத்துக்கு ஒரு சின்ன ஊரின் பேர் இடுப்பில் இறுக்குகிறதாம். அதனால் முதல் எழுத்தை மட்டும் வைத்துக்கொண்டு மீதியைக் கழற்றிவிட்டார்கள். அந்த ‘என்’ என்ன என்று ஒடிசாவில் ஒரு சின்னப் பையன் கேட்டால், அது ஒன்றுமில்லை, சும்மா ஓர் எழுத்து என்று அதிகாரி பதில் சொல்லலாம். சட்டப்படி அது சரியான பதில்.

ஒரு பஸ்ஸின் பேருக்காக ஊரைக் கொளுத்திய வீரர்கள் நாங்கள். ஒரு முழு ஊரின் பேரைச் சுரண்டி எடுத்தபோது எங்கள் பக்கம் ஒரு தீக்குச்சி கிழிக்கவில்லை. பக்கத்தில் சிவகாசி இருந்தும்.

இனி 2023-க்கு வருவோம். இரண்டாவது சுரங்கத்தை விரிவாக்க வேண்டும், அதற்குப் பரவனாற்றைத் திருப்ப வேண்டும், அதற்குக் கால்வாய் வெட்ட வேண்டும். பெரும்பகுதி வெட்டியாயிற்று, சுமார் ஒன்றரை கிலோமீட்டர் பாக்கி. அந்த ஒன்றரை கிலோமீட்டரில் வளையமாதேவி வயல்கள். நிலத்தை 2006-க்கும் 2013-க்கும் இடையிலேயே வாங்கிவிட்டோம், பணம் கொடுத்துவிட்டோம் என்றது நிறுவனம். வாங்கிய நிலத்தைப் பத்து வருஷம் எட்டிப் பார்க்கவில்லை. சும்மா கிடக்கிற நிலத்தைப் பார்த்துக்கொண்டு விவசாயி சும்மா இருப்பானா? உழுதான், நட்டான்.

ஜூலை 26. போலீஸ் வேன்கள் முன்னால், மண் அள்ளும் எந்திரங்கள் பின்னால். வயலில் பச்சைப் பயிர், கதிர் பிடித்து நின்றது. எந்திரத்தின் இரும்புச் சங்கிலிச் சக்கரம் வரப்பில் ஏறி அந்தப் பக்கம் இறங்கியபோது தாள்கள் அப்படியே கவிழ்ந்து சேற்றுக்குள் போயின. அடுத்து வாளி இறங்கியது. நெல்லும் வேரும் மண்ணும் ஒரே கொத்தாக மேலே எழுந்து கரையில் போய் விழுந்தன. கையில் எடுத்துப் பார்த்தால் சில கதிர்களில் பால் இருந்திருக்கும். இன்னும் சில வாரங்கள், அது அரிசி. எந்திர ஓட்டுநரும் காலையில் சோறு தின்றுவிட்டுத்தான் வந்திருப்பார், அவரைச் சொல்லிப் பயனில்லை.

இது நடந்த இடத்திலிருந்து வடலூர் கூப்பிடு தூரம் என்று சொல்ல மாட்டேன், ஆனால் பஸ் ஏறினால் சீக்கிரம் வந்துவிடும். வாடிய பயிரைப் பார்த்து வாடியவர் 1867-ல் அங்கேதான் தருமசாலை தொடங்கி அடுப்பு மூட்டினார். அந்த அடுப்பு இன்னும் அணையவில்லை என்று அமைச்சர்கள் மேடையில் பேசும்போது குரல் தழுதழுக்கும். ஜூலை 26 அன்று அந்தக் குரல்களுக்கெல்லாம் தொண்டைக்கட்டு.

சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி தண்டபாணி, அறுவடைக்கு இரண்டு மாதம் பொறுத்திருக்கக் கூடாதா என்று கேட்டார், அந்தக் காட்சியைப் பார்த்துக் கண்ணீர் வந்தது என்றும் சொன்னார். மழைக்கு முன்னால் கால்வாய் முடியாவிட்டால் சுரங்கத்துக்குள் வெள்ளம் புகும் என்றது நிறுவனம். பத்து வருஷம் வராத அவசரம் கதிர் விட்ட அன்று வந்தது. கடைசியில் அழிந்த பயிருக்கு ஏக்கருக்கு 40,000 ரூபாய் என்று முடிந்தது. ‘வேலியே பயிரை’ என்று தொடங்கும் பழமொழியை நான் இங்கே எடுக்கப் போவதில்லை. அது நெய்வேலி என்ற பேரிலேயே பாதி இருக்கிறது.

இந்த நில எடுப்பு எந்தச் சட்டத்தின் கீழ் நடக்கிறது என்று பார்த்தால் அங்கேயும் ஒரு பேர் விளையாட்டு. தமிழ்நாடு தொழில் நோக்கங்களுக்கான நில எடுப்புச் சட்டம், 1997. ஆமாம், அதே 1997. கோபாலபுரத்தில் பஸ் பேர்களை அழித்துக்கொண்டிருந்த வருஷத்தின் முத்திரை இந்தச் சட்டத்தின் நெற்றியிலும் இருக்கிறது. 2013-ல் மத்திய அரசு புதிய நில எடுப்புச் சட்டம் கொண்டுவந்தது. சமூகத் தாக்கத்தை ஆராய வேண்டும், மறுவாழ்வு கொடுக்க வேண்டும் என்று அதில் சில தொல்லைகள் இருந்தன. தமிழ்நாடு உடனே தன் சட்டங்களுக்கு விலக்கு வாங்கிக்கொண்டது. 2019-ல் உயர் நீதிமன்றம் அது செல்லாது என்றது. அதே வருஷம் சட்டமன்றம் கூடி, செத்த சட்டத்துக்கு உயிர் கொடுக்கத் தனியாக ஒரு சட்டம் போட்டது. 2021-ல் உச்ச நீதிமன்றமும் சரி என்றது. பிறந்தது தி.மு.க. ஆட்சியில், உயிர்த்தெழுந்தது அ.தி.மு.க. ஆட்சியில், ஊழியம் செய்தது மறுபடி தி.மு.க. ஆட்சியில். திராவிடக் கட்சிகளுக்குள் ஒற்றுமையே இல்லை என்று சொல்கிறவன் ஒரு நில எடுப்பு நோட்டீஸையாவது வாங்கிப் பார்க்க வேண்டும்.

அந்த நோட்டீஸின் தலையில் ஒரு கோபுரம் இருக்கும். தமிழ்நாடு அரசின் முத்திரை. அது எங்கள் ஸ்ரீவில்லிபுத்தூர் வடபத்ரசாயி கோயில் கோபுரம்தான் என்று நாங்கள் தொடையைத் தட்டுவோம். இல்லை, மீனாட்சி கோயில் மேற்குக் கோபுரம் என்று மதுரைக்காரர்கள் தட்டுவார்கள். இதில் இரண்டு ஊருக்கும் தீராத வழக்கு. இந்த ஒரு முறை மதுரைக்காரர்களே ஜெயித்துவிட்டுப் போகட்டும். கத்தாழையில், கரிவெட்டியில், மும்முடிச்சோழகனில், வளையமாதேவியில் நோட்டீஸைக் கையில் வாங்கியவன் முதலில் பார்த்தது அந்தக் கோபுரத்தை. அதன் கீழே ‘வாய்மையே வெல்லும்’. அதன் கீழே அவன் சர்வே நம்பர். கோபுரம் எங்களுடையது என்று சொல்ல எந்த முகத்தோடு போவது?

கிராமப் பேர்களைக் கவனித்தீர்களா? மும்முடிச்சோழகன். மும்முடிச் சோழன் என்றால் ராஜராஜன். ஈழம் வென்றான் என்று வருஷம்தோறும் சதய விழாவில் மைக்கைக் கடிக்கிறோம். அவன் பேர் தாங்கிய கிராமத்தைத் தோண்டப்போகிறோம் என்றபோது சோழப் பெருமைக்காரர் ஒருவரும் பெரிய கோயிலில் இருந்து இறங்கி வரவில்லை. கரிவெட்டி இன்னும் விசேஷம். அந்தப் பேரை வைத்த மூதாதை யாரோ தீர்க்கதரிசி, கூலி வாங்காமல் நிறுவனத்துக்கு ஒரு விளம்பரம் எழுதிவிட்டுப் போயிருக்கிறார்.

பேர் என்றால் உயிரை விடும் கட்சி ஒன்று இருந்தது. 1953 ஜூலை 15. திருச்சி பக்கம் கல்லக்குடி. சுண்ணாம்புக்கல் தோண்டி சிமெண்ட் செய்ய வந்த வடநாட்டு முதலாளி பேரில் ரயில் நிலையத்துக்கு டால்மியாபுரம் என்று பேர் வைத்திருந்தார்கள். தமிழன் ஊருக்கு அந்நியன் பேரா என்று தி.மு.க. கொதித்தது. கருணாநிதி தண்டவாளத்தில் தலை வைத்துப் படுத்தார், சிறைக்குப் போனார். துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. அந்தப் போராட்டத்தை நான் கேலி செய்யவில்லை, ஊரின் பேரைத் திருடுவது ஊரைத் திருடுவதற்கு முன்னுரை என்று புரிந்துகொண்டவர்கள் செய்த காரியம் அது. பின்னால் பலகை மாறியது. பள்ளம் மாறவில்லை. ஆலையும் முதலாளியும் இருந்த இடத்திலேயே இருந்தார்கள். தண்டவாளத்தில் படுத்தவர் ஐந்து முறை முதலமைச்சரானார்.

1953 ஜூலை 15-க்கும் 2023 ஜூலை 26-க்கும் இடையே எழுபது வருஷம், பதினொரு நாள். கல்லக்குடி கொண்டவரின் கட்சி கோட்டையில். அவருடைய நூற்றாண்டு விழா ஊரெங்கும். வளையமாதேவியில் அதே அரசின் போலீஸ், எந்திரத்துக்கு முன்னால். அங்கே தலை வைக்கத் தண்டவாளம் ஒன்று இருந்திருந்தால் அந்தக் கட்சித் தொண்டர் யாராவது பழைய ஞாபகத்தில் படுத்திருப்பார். வயலில் எங்கே படுப்பது? இரண்டு நாள் கழித்து பா.ம.க. ஆர்ப்பாட்டம் செய்தது, கல் பறந்தது, கண்ணீர்ப்புகை வந்தது, தலைவர் கைதானார், மாலையில் விடுதலையானார். நெல் விடுதலையாகவில்லை.

இன்னொரு வகைப் பேர் இருக்கிறது: ஒப்பந்தத் தொழிலாளி. நிலத்தைக் கொடுத்த குடும்பத்துப் பிள்ளைக்கு நிறுவனம் வைத்த பேர் பெரும்பாலும் அதுதான். நிரந்தரம் இல்லாத வேலை, நிரந்தரமான பேர். 2020-ல் இரண்டாவது அனல் மின் நிலையத்தில் மே மாதம் ஒரு கொதிகலன் வெடித்தது, ஜூலை 1-ல் இன்னொன்று வெடித்தது. வெந்து செத்தவர்களில் அந்தப் பேர் தாங்கியவர்கள் இருந்தார்கள். நிரந்தரம், ஒப்பந்தம் என்று நீராவி பிரித்துப் பார்க்கவில்லை. அடுத்த நாள் செய்தியில் நாம் பிரித்தோம்.

ராஜபாளையத்தில் நூற்பாலைக் கதிர்கள் இரவும் பகலும் சுற்றுகின்றன. அவற்றைச் சுற்ற வைக்கும் கரண்டில் எத்தனை பங்கு நெய்வேலி, எத்தனை பங்கு தூத்துக்குடி, எத்தனை பங்கு முப்பந்தல் காற்று என்று வயரை உரித்துப் பார்த்துச் சொல்ல முடியாது. மின்சாரத்துக்குப் பட்டா கிடையாது. அந்த வசதியில்தான் நாங்கள் எல்லாரும் நிம்மதியாக இருக்கிறோம். கட்டில் மேல் ஃபேன், ஃபிரிட்ஜில் பால்கோவா. இருநூறு யூனிட்டுக்கு ஐந்து ரூபாய் கூடினால் மறியல் செய்வோம். ஒரு யூனிட்டுக்கு எத்தனை முழம் வயல் என்று மீட்டரில் ஒரு கட்டம் வைத்தால் மீட்டரைத்தான் உடைப்போம். இந்தக் கணக்கில் நானும் ஒரு நுகர்வோர்தான், இதை எழுதும்போது மேலே ஃபேன் ஓடுகிறது. அதனால் எழுதக் கூடாது என்று சட்டம் இல்லை.

ஜம்புலிங்க முதலியார் துளை போட்டபோது தானாகப் பொங்கிய தண்ணீரை இன்று அந்தப் பக்கத்து விவசாயி ஆழ்குழாயில் துழாவுகிறான். கரிக்குக் கீழே நிலத்தடி நீர் அழுத்திக்கொண்டிருப்பதால், சுரங்கம் மூழ்காமல் இருக்க விடாமல் இறைக்க வேண்டும். அந்த ஊர்த் தண்ணீர் குழாய் ஏறிச் சென்னைக்கும் குடிக்கப் போகிறது. கரி போயிற்று, கரண்ட் போயிற்று, தண்ணீர் போயிற்று, பேரும் போயிற்று. அந்த ஊரில் இன்னும் எடுக்க என்ன இருக்கிறது என்று கேட்டால், பக்கத்து ஊர் இருக்கிறது என்பதுதான் நிறுவனத்தின் திட்ட அறிக்கை.

2023 மார்ச் கடைசியில் மத்திய நிலக்கரி அமைச்சகம் ஓர் ஏலப் பட்டியல் போட்டது. நெய்வேலியைத் தாண்டி காவிரிப் படுகைக்குள் நுழைந்து வடசேரி, மைக்கேல்பட்டி, கிழக்கு சேத்தியாத்தோப்பு என்று மூன்று இடங்கள். வேளாண் மண்டலம் என்று 2020-ல் சட்டம் போட்டுப் பாதுகாத்த மண்ணும் அதில் அடக்கம். ஏப்ரலில் முதலமைச்சர் பிரதமருக்குக் கடிதம் எழுதினார், எல்லாக் கட்சியும் சட்டமன்றத்தில் ஒரே குரலில் பேசின, பட்டியலில் இருந்து அவற்றை எடுத்துவிட்டார்கள். நல்லது. ஆனால் ஏப்ரலில் அப்படிப் பாய்ந்தவர்கள் ஜூலையில் இப்படிப் பதுங்கியதையும் பார்த்தாயிற்று. எடுத்த பட்டியல் கிழித்த பட்டியல் ஆகாது. தில்லியில் காகிதம் மலிவு.

அதனால் வடசேரிக்காரர்களுக்கும் மைக்கேல்பட்டிக்காரர்களுக்கும் எங்கள் மாவட்டத்து அனுபவத்தில் இருந்து ஒரு யோசனை. நெல் நட்டால் காப்பாற்ற முடியாது, அதைப் பார்த்துவிட்டோம். சட்டத்தை நட்டாலும் நிற்காது. வரப்புக்கு வரப்பு ஒரு தலைவர் சிலை நட்டுவிடுங்கள். எந்தத் தலைவர் என்பது முக்கியமில்லை, அவருக்கென்று ஒரு சாதி இருந்தால் போதும். ராஜபாளையத்தில் இருந்து மதுரை வரைக்கும் பஸ்ஸில் வந்து பாருங்கள், சிலைக்குக் கம்பிக்கூண்டு, கூண்டுக்குப் பூட்டு, பூட்டுக்குப் போலீஸ். ஒரு மூக்கு உடைந்தால் நாலு மாவட்டத்துக்குப் பஸ் நின்றுவிடும் என்பது கலெக்டருக்கும் தெரியும், தில்லிக்கும் தெரியும். கதிர் விட்ட நெல்லின் மேல் ஏறிய எந்திரம், கூண்டுக்குள் நிற்கும் சிமெண்டு மனிதனைக் கண்டால் தானாக ரிவர்ஸ் எடுக்கும். சிமெண்டுக்கும் சுண்ணாம்புக்கல் வேண்டும்தான், அது வேறு எவனோ ஊர். கூண்டு அடிக்கும் பட்டறைகள் எங்கள் பக்கம் நிறைய இருக்கின்றன, அளவு சொல்லி அனுப்பினால் போதும்.